ஒரே ஒரு குருத்து: திருவண்ணாமலை வீட்டுத் தோட்டத்தில் தென்னையும் பனையும்

மா, வேம்பு, முருங்கை முதலிய மரங்களின் கிளையை வெட்டினால் வெட்டுவாய்க்கு அருகிலேயே புதுத் துளிர் விடுகின்றன. உச்சியை முறித்தால் பக்கவாட்டில் படர்கின்றன. அடியோடு வெட்டப்பட்ட வேம்புகூட மழைக்குப் பின் தழைத்து எழுவதுண்டு. தென்னை, பனை, கமுகு, ஈச்சை ஆகியவை அடங்கிய பனைக் குடும்பத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. இக்குடும்பத்தின் பெரும்பாலான மரங்களுக்கு வளர்முனை ஒன்றே ஒன்றுதான். அதுவே உச்சியில் ஓலைகளுக்கு நடுவே புதைந்திருக்கும் குருத்து. அது அழுகினாலும், வண்டு குடைந்து அழித்தாலும் மரம் பட்டுவிடும். உயரம் மிகுந்துவிட்டதென்று உச்சியைக் குறைக்கவும் முடியாது. மின்கம்பியில் உரசுகிறதென்று வேறு பக்கம் திருப்பி வளர்க்கவும் முடியாது. எனவே வீட்டுத் தோட்டத்தில் இக்குடும்பத்து மரம் ஒன்றை வைப்பவர், எந்த இனம், எந்த இடம், எவ்வளவு தண்ணீர் என்ற மூன்றையும் குழி தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டியிருக்கிறது. சற்று ஆழத்திலேயே பாறை தட்டும் செம்மண்ணும், தை முதல் வைகாசி வரை நீளும் வறட்சியும் உள்ள திருவண்ணாமலையில் அந்த முடிவு மேலும் யோசனையைக் கோருகிறது.

தாவரவியலார் இக்குடும்பத்தை ஒருவித்திலைத் தாவரங்களில், அதாவது முளைக்கும்போது ஒரே ஒரு விதையிலையை உடைய நெல், மூங்கில், வாழை ஆகியவற்றின் வரிசையில் வைக்கின்றனர். மா, புளி போன்ற இருவித்திலை மரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வளர்படை என்னும் மெல்லிய திசு வளையம் இருந்து ஆண்டுதோறும் தண்டைப் பருக்கச் செய்கிறது; பனைக் குடும்பத்தில் அந்த வளையம் கிடையாது. ஆகையால் இவை முதலில் சில ஆண்டுகள் தரைமட்டத்திலேயே நின்று, அடித்தண்டின் பருமனை ஏறக்குறைய முழுமையாக எட்டிய பின்னரே உயரத் தொடங்குகின்றன. நீரும் உணவும் செல்லும் குழாய்க் கற்றைகள் தண்டெங்கும் சிதறி, வெளிப்பக்கத்தில் மட்டும் நெருங்கி அமைவதால், வயிரம் வெளியிலும் சோறு எனப்படும் மென்பகுதி உள்ளிலும் இருக்கின்றன. தொல்காப்பியத்தின் மரபியல், வெளியே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும் உள்ளே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரித்து, ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலிய உறுப்புப் பெயர்களைப் புல்லுக்கு உரியனவாக வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல்லே, இன்றைய வகைப்பாடும் அவற்றைப் புல்லுக்கு அருகில்தான் வைக்கிறது. ஊர்த் தச்சர்கள் இந்த அமைப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டனர். முற்றிய பனையைப் பிளந்து சோற்றைத் தோண்டி எடுத்துவிட்டால் எஞ்சும் ஓடு கிணற்று நீரைக் கொண்டுசெல்லும் காலாக உதவியது. செதுக்கி எடுத்த வயிரம் ஓட்டு வீடுகளுக்குக் கைமரமாயிற்று.

தோட்டக்காரருக்கு இதிலிருந்து சில நடைமுறைகள் கிடைக்கின்றன. தண்டில் புதுத் திசு வளர வழியில்லாததால், ஏறுவதற்காக வெட்டும் படியும் விளக்குக் கம்பி கட்ட அடிக்கும் ஆணியும் ஆறாத புண்களாகவே நிலைத்து, நோய்க்கும் கூன் வண்டுக்கும் வாயிலாகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை மரத்தை 'அழகாக' மழிப்பதாகச் சொல்லிப் பச்சை ஓலைகளைக் கழித்து உச்சியில் நாலைந்து மட்டும் விட்டுவைக்கும் வழக்கம் நகர வீடுகளில் பரவியிருக்கிறது; மரத்துக்கு அது பட்டினி, வேறொன்றுமில்லை. பழுத்துத் தொங்கும் மட்டையை மட்டும் நீக்கினால் போதும். வேரைப் பொறுத்தவரை நற்செய்தி உண்டு. தண்டைப் போலவே வேரும் பருப்பதில்லை என்பதால், அரசும் ஆலும் செய்வதுபோல் அடித்தளத்தைப் பிளக்கும் வலிமை இவற்றுக்கு இல்லை. சுற்றுச்சுவருக்கு இவற்றால் வரும் தொல்லை மேலிருந்து விழும் மட்டையும் காயும்தான். ஆகவே சுவரிலிருந்தும் அண்டை வீட்டுக் கூரையிலிருந்தும் குறைந்தது 12 அடி தள்ளி வைப்பது நல்லது.

திருவண்ணாமலை வட்டாரத்துக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் பங்களிப்பதால் ஆடி முதல் கார்த்திகை வரை மண்ணில் ஈரம் இருக்கும். பிறகு நான்கைந்து மாதங்கள் மழையைக் காண்பது அரிது. அடியில் இருப்பது கடும்பாறை. நீர் அதன் வெடிப்புகளில்தான் தேங்குகிறது என்பதால், ஒரு வீட்டுக் கிணற்றில் நீர் நிற்க, அடுத்த மனையின் ஆழ்குழாய் வறண்டு போவது இவ்வூரில் புதுமையன்று. மலையின் கிழக்குச் சரிவில், ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை தங்கியிருந்த கந்தாசிரமத்தில், வெறும் பாறைக்கு நடுவே தென்னைகள் நிற்பதை மலையேறுவோர் காணலாம். அங்கே ஒரு சுனை இருப்பதே அதற்குக் காரணம். சுனையில்லாத மனையில் அதே தென்னையை எதிர்பார்ப்பவர், சுனை செய்யும் வேலையைத் தாமே ஏற்க வேண்டும்.

அந்த வேலை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. காய்க்கும் தென்னை ஒன்றுக்குக் கோடையில் சொட்டுநீராகவே நாளொன்றுக்கு 60 முதல் 80 லிட்டர் வரை தேவைப்படுகிறது. தேவை அளவைவிட முக்கியமானது காலம். தென்னையின் ஒவ்வொரு ஓலைக் கக்கத்திலும் ஒரு பாளை வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதினான்கு பாளைகள் வெளிவருகின்றன. ஆனால் ஒரு பாளை குருத்துக்குள் கருவாகத் தோன்றிய நாளிலிருந்து வெளிவந்து வெடிப்பதற்கே ஏறக்குறைய 32 மாதங்களும், வெடித்தபின் காய் முற்றுவதற்கு மேலும் சுமார் 12 மாதங்களும் ஆகின்றன. ஆக 44 மாதங்கள் நீளும் இந்த ஓட்டத்தில் எந்தக் கோடையில் மரம் வாடினாலும் அதன் விளைவு அப்போதைய குலையில் மட்டும் நிற்பதில்லை. குரும்பை உதிர்வதாகவும், பாளை சிறுத்துப்போவதாகவும், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் அது வெளிப்படுகிறது. 'நன்றாகத்தானே தண்ணீர் விடுகிறோம், ஏன் காய்ப்பு குறைந்தது' என்று கேட்கும் வீட்டுக்காரர், பெரும்பாலும் தாம் மறந்துவிட்ட ஒரு பழைய வறட்சிக்குத்தான் விலை கொடுக்கிறார்.

முன்பு தென்னை கிணற்றடியிலும் துவைகல்லின் பக்கத்திலும் நின்றதற்கு இதுவே பொருள். நால்வர் கொண்ட குடும்பம் குளிக்கவும் துணி துவைக்கவும் செலவிடும் நீர் இரண்டு தென்னைகளுக்குத் தாராளமாகப் போதும். கழிப்பறை நீரையும் வெளுப்பான் கலந்த நீரையும் தவிர்த்து, மற்றதை மண்வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து, வாரம் ஒரு மரமாக மாற்றி மாற்றிப் பாய்ச்சினால் சோப்புக் காரம் ஒரே இடத்தில் சேராது. அவ்வாறு கழிவுநீர் வாய்க்காத மனையில், குடிநீர் லாரியை எதிர்பார்த்திருக்கும் தெருவில், தென்னை வைக்காமல் இருப்பதே அறிவுடைமை.

வைக்கத் துணிபவர் கன்றைத் தேர்வதிலிருந்து தொடங்க வேண்டும். தென்னையில் நெட்டை, குட்டை, இரண்டையும் கலந்த ஒட்டு என மூவகை உண்டு. நெட்டை ஆறேழு ஆண்டுகளில் காய்த்து அறுபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கிறது. குட்டை மூன்று நான்கு ஆண்டுகளிலேயே எட்டும் உயரத்தில் இளநீர் தருகிறது, ஆனால் வறட்சியைத் தாங்குவதில் பின்தங்குகிறது. சாவக்காடு ஆரஞ்சுக் குட்டையின் நிறத்தில் மயங்கிக் கன்று வாங்கும் திருவண்ணாமலைவாசிகள், அது கேரளக் கடற்கரையின் ஈரத்தில் பிறந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் அரசம்பட்டிப் பகுதி தென்னங்கன்றுகளுக்குப் பேர்பெற்றது. அரசம்பட்டி நெட்டையிலிருந்து தேர்ந்தெடுத்த இரகத்தை ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டிருக்கிறது. இவ்வட்டாரத்து வெயிலுக்குப் பழகிய இரத்தம் அதுதான். ஒன்பது முதல் பன்னிரண்டு மாத வயதும், ஆறு இலைகளுக்குக் குறையாத எண்ணிக்கையும், கழுத்துப் பகுதியில் 10 சென்டிமீட்டர் சுற்றளவும் நல்ல கன்றின் அடையாளங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடியாகக் குழி எடுத்து, தொழுவுரம், செம்மண், மணல் மூன்றையும் சம அளவில் கலந்து 2 அடி வரை நிரப்பி, அதில் கன்றை நட்டு, மரம் வளர வளர மீதிக் குழியை மூட வேண்டும். பாறை தட்டும் இடத்தில் கடப்பாரையோடு போராடுவதைவிட வேறு இடம் தேடுவது மேல். குழியில் கைப்பிடி கல்லுப்புப் போடும் பழைய வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டியதில்லை. தென்னைக்குக் குளோரின் என்னும் சத்து தேவை என்பதும், கடலிலிருந்து தொலைவில் உள்ள நிலங்களில் அது குறைபடலாம் என்பதும் ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டவை.

ஐந்தாம் ஆண்டிலிருந்து நெட்டைத் தென்னை ஒன்றுக்கு ஆண்டுதோறும் 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இதை ஆனி, ஆடியில் பாதியும் மார்கழி, தையில் பாதியுமாகப் பிரித்து, தண்டிலிருந்து 6 அடி தொலைவுக்குள் வட்டப்பாத்தியில் இட்டு மண்ணோடு கலக்க வேண்டும். பொட்டாஷைக் குறைக்கவே கூடாது; காயின் பருமனுக்கும் வறட்சியைத் தாங்குவதற்கும் அதுவே துணை. உரித்த தேங்காய் மட்டையைக் குப்பை வண்டியில் ஏற்றுவது, இவ்வூர் வீடுகளில் அன்றாடம் நடக்கும் வீண் செலவு. நூறு மட்டைகளைக் குவிந்த புறம் மேலே இருக்கும்படி வட்டப்பாத்தியில் பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது. பாத்தியின் ஓரத்தில் பள்ளம் எடுத்துக் குழிந்த புறம் மேலாக அடுக்கி மூடினால் மழைநீரை வாங்கி வைத்துப் பல நாள் கசியவிடும். ஒரே மட்டையை இரண்டு வேலைக்கும் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைக்க வேண்டும் என்பதே இதில் உள்ள நுட்பம்.

குருத்தைக் காப்பதுதான் தென்னை வளர்ப்பின் உயிர்நிலை என்றால், அதற்கு முதல் பகை காண்டாமிருக வண்டு. சாணக் குப்பையிலும் மக்கிய கட்டையிலும் புழுவாக வளரும் இது, வண்டானபின் விரியாத குருத்தைத் துளைக்கிறது. பின்னர் விரியும் ஓலை கத்தரியால் நறுக்கியதுபோல் விசிறி வடிவில் வெட்டுப்பட்டுத் தோன்றுவது அதன் அடையாளம். வீட்டுத் தோட்டத்தில் மருந்தடிப்பதைவிட, எருக்குழியை மாதம் ஒரு முறை கிளறிப் புழுக்களைப் பொறுக்குவதும், துளையில் கம்பியை விட்டு வண்டை இழுத்தெடுப்பதும், ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளோடு இரண்டு பங்கு மணல் கலந்து மேல் மூன்று ஓலைக் கக்கங்களில் இடுவதும் பயன் தரும். சிறு கன்றாயின் கக்கத்துக்கு ஒன்றாக மூன்று அந்துருண்டைகளை வைத்து மணலால் மூடுவர். இவ்வண்டு செய்த காயத்தில் சிவப்புக் கூன் வண்டு முட்டையிட்டால், தண்டுக்குள் புழு குடைந்து, வெளியே செந்நிறச் சாறு வடியும்போதுதான் தெரியவரும். அதற்குள் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டு மாநிலமெங்கும் பரவிய ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வேறு வகைத் தொல்லை. ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு, அது சுரக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து, கீழே உள்ள செடிகளெல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிடும். இதற்கு வீரிய மருந்து தெளித்தால், அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவிதான் முதலில் சாகும். தண்ணீரை விசையோடு பீய்ச்சுவதும், மஞ்சள் நிற ஒட்டுப்பொறி வைப்பதும், குளவியை அதன் வேலையைச் செய்யவிடுவதும் போதுமானவை.

தென்னையைத் தவிர நாற்றங்கால்களில் விற்கும் மற்ற இனங்களைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. கமுகு காற்றில் ஈரத்தையும் இளம் பருவத்தில் நிழலையும் வேண்டுவது. ஆத்தூர்ப் பக்கத்துத் தோப்புகளைப் பார்த்து ஆசைப்பட்டு இங்குத் திறந்த வெயிலில் வைத்தால் மேற்கு வெயிலில் தண்டு வெந்து போகும். தென்னைகளின் நிழலில், கழிவுநீர் வாய்க்கால் ஓரத்தில் ஒன்றிரண்டு பிழைக்கும், அவ்வளவே. அழகுக்கென விற்கும் அரேகா பாம் மடகாஸ்கர் தீவையும், பாட்டில் பாம் மொரீசியஸையும், ராயல் பாம் கியூபாவையும், ஃபாக்ஸ்டெயில் பாம் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்தவை. இவற்றில் அரேகா மட்டும் தூராகக் கிளைத்து வளர்வதால் ஒரு தண்டு போனாலும் மற்றது நிற்கும். பகுதி நிழலான வீட்டு முகப்புக்கு அது பொருந்தும். ராயல் பாம் முற்றிய மட்டை ஒன்றின் எடை ஓர் ஓட்டுக் கூரையை உடைக்கப் போதுமானது என்பதை விற்பவர் சொல்வதில்லை. இந்த வரிசையில் சேர்த்து விற்கப்படும் சைக்கஸும் விசிறி வாழையும் பனைக் குடும்பத்தையே சேர்ந்தவையல்ல. சைக்கஸின் விதை நச்சுத்தன்மை உடையது என்பதால் நாய் வளர்க்கும் வீட்டில் அது வேண்டாம்.

கூந்தல் பனை தனியே ஒரு சொல் பெறத் தக்கது. மீன் துடுப்புப் போன்ற இலைகளையும் சடைசடையாகத் தொங்கும் பூங்கொத்துகளையும் உடைய இம்மரத்திலிருந்து இலங்கையில் கித்துள் பாணி காய்ச்சுகின்றனர். உச்சியில் முதலில் பூத்து, ஆண்டுக்கு ஆண்டு கீழிறங்கிப் பூத்து, கடைசிக் கொத்து கனிந்ததும் மரம் இறந்துவிடும். கனியின் சதை கையில் பட்டால் அரிப்பெடுக்கும். பேரீச்சையை இப்போது தருமபுரி மாவட்டத்தில் திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு வெற்றியோடு பயிரிடுகின்றனர். மஞ்சளாக, நறுக்கென்று இருக்கும்போதே உண்ணத் தக்க பர்ஹி இரகம் திருவண்ணாமலைக்கும் ஏற்றதே. ஆண் பூவின் மகரந்தத்தைக் கையால் பெண் பாளையில் தூவ வேண்டும் என்பதும், கனியும் பருவம் ஆடி மழையோடு வந்து சேர்வதால் குலைக்கு உறை கட்ட வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகள். ஏரிக்கரைகளில் தானே முளைக்கும் நாட்டு ஈச்சையோ எதையும் கேட்பதில்லை. அதன் ஓலை துடைப்பமாகவும் கூடையாகவும் பாயாகவும் இவ்வட்டாரத்தில் பயன்பட்டு வந்திருக்கிறது.

இனிப் பனை. 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம் என்ற தகுதி அதற்கு உண்டு. ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் பனைக்கும் உள்ள உறவு அரசாணையைவிட மிகப் பழையது. செய்யாற்றின் கரையில் உள்ள திருவோத்தூர் வேதபுரீசுவரர் கோயிலுக்கும், செய்யாற்றிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் திசையில் உள்ள திருப்பனங்காட்டுக் கோயிலுக்கும் தலமரம் பனையே. திருவோத்தூரில் அடியார் ஒருவர் சிவபெருமானுக்கென வளர்த்த பனைகள் எல்லாம் ஆண் பனைகளாகிக் காய்க்காமல் நிற்க, அதைக் கண்டு சமணர்கள் எள்ளியதாகவும், திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவை குலை ஈன்றதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. சமய வாதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், இக்கதையின் உள்ளே இருப்பது பனை வளர்த்த எவரும் பட்டிருக்கக்கூடிய துயரம். தென்னையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே பாளையில் இருக்கின்றன. பனையில் ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு. எது எதுவென்று தெரிய மரம் பூக்க வேண்டும். பூக்கப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும். இத்தனை ஆண்டு காத்திருந்தபின் நுங்கு தராத அலகுப் பனை, அதாவது ஆண் பனை, எதிரே நிற்பதைக் காணும் ஏமாற்றம் அந்த அடியாருக்கு மட்டும் உரியதன்று.

ஆனால் ஆண் பனையைப் பயனற்றது என்பது நுங்கை மட்டும் எண்ணுபவரின் கணக்கு. இரண்டு மரங்களிலும் பாளையின் நுனியைச் சீவி, கடிப்பு என்னும் இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தினால் பதநீர் வடிகிறது. உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அது புளிக்காமல் இருக்கும்; எட்டுப் பத்து லிட்டரைக் காய்ச்சினால் ஒரு கிலோ அளவுக்குக் கருப்பட்டி கிடைக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே சாறு கள்ளாகிவிடும். கள் இறக்குவது தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆண் பனைக்கே உரிய மற்றொரு பயனைத் திருவண்ணாமலையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் சுடர் ஏறியதும் சுற்றுவட்டார ஊர்களில் பிள்ளைகள் சுழற்றும் மாவலி, ஆண் பனையின் காய்ந்த பூக்கதிரிலிருந்து பிறப்பது. கதிர்களைக் குழியில் இட்டுக் கொளுத்தி, சாம்பலாகிவிடாமல் மூடி அணைத்துக் கரியாக்கி, அதை இடித்துத் தூளாக்கி, பழைய பருத்தித் துணியில் இறுகச் சுற்றி, பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, நுனியில் கனல் வைத்துக் கயிற்றால் சுழற்றினால் பொறி வட்டமாகச் சிதறும். கோயில்களின் முன் அன்று கொளுத்தப்படும் சொக்கப்பனைக்கும் பனையின் தண்டும் ஓலையுமே வேண்டும். அந்நாளில் தென் மாவட்டத்தார் பனையோலையில் மாவை வைத்து அவித்து ஓலைக் கொழுக்கட்டை செய்கின்றனர். ஒரே திருநாளில் வடக்கே தீயும் தெற்கே தின்பண்டமுமாகப் பனை பங்கு கொள்வது கவனிக்கத் தக்கது.

பனையின் பயன்களை 801 என்று எண்ணிப் பாடிய தால விலாசம் என்ற நூல் ஒன்று உண்டு. வீட்டுத் தோட்டக்காரர் அந்தப் பட்டியலில் மயங்க வேண்டாம். மரம் ஏறுவோர் அருகிவிட்ட இந்நாளில், நகர மனையில் நிற்கும் பனையிலிருந்து பதநீர் இறக்க ஆள் கிடைப்பது கடினம், நுங்கு வெட்டவும் ஏறக்குறைய அதே நிலைதான். ஆகவே ஏறாமல் கிடைப்பவற்றைக் கொண்டே கணக்குப் போடுவது நேர்மையானது. முதலாவது ஓலை. தண்டு எழாத இளம் பனைக்கு வடலி என்று பெயர். பல ஆண்டுகள் அது தரையோடு இருக்கும்போதே ஓலைகளைக் கையால் அறுக்கலாம். குருத்தோலையைத் தொடாமல், புற ஓலைகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று மட்டும் எடுத்தால் வளர்ச்சி கெடாது. விசிறிக்கும் பெட்டிக்கும் அவை போதும். மட்டையின் விளிம்பில் உள்ள கருக்கு வாள்போல் அறுக்கும் என்பதால் நடைபாதையின் ஓரத்தில் வடலி கூடாது. இரண்டாவது தானே உதிரும் பழம். ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தைத் தணலில் சுட்டுச் சதையைச் சப்பி உண்டபின், எஞ்சும் கொட்டைகளே அடுத்த விளைச்சலுக்கு விதை. யாழ்ப்பாணத்தில் அச்சதையைப் பாயில் தடவி உலர்த்திப் பனாட்டு ஆக்குகின்றனர். கிழங்கைப் பிளந்து காயவைத்து ஒடியல் மாவாக்கிக் கூழ் காய்ச்சுகின்றனர். அங்கே பனைக்கென்று அரசு அமைத்த அபிவிருத்திச் சபையே இயங்குகிறது.

கிழங்கு போடுவது வீட்டுத் தோட்டத்துக்கு மிகவும் ஏற்ற வேலை. அதற்குச் சொந்தப் பனைகூட வேண்டாம், ஏரிக்கரையில் பொறுக்கிய கொட்டை போதும். பனங்கொட்டை முளைக்கும் விதம் விந்தையானது. விதையிலிருந்து குழல் ஒன்று புறப்பட்டு நேராகக் கீழே இறங்க, முளைக்கரு அந்தக் குழலுக்குள்ளேயே பயணம் செய்து ஆழத்தில் போய் நிலைபெறுகிறது. கொட்டைக்குள் இருந்த உணவெல்லாம் அங்கே கிழங்காகத் திரள்கிறது. இடைப்பட்ட நாட்களில் கொட்டையைப் பிளந்தால் கிடைக்கும் பஞ்சு போன்ற இனிப்புப் பண்டம்தான் தவுன். புரட்டாசியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு இலகுவான மண்ணை மேடாக்கி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மண்ணால் மூடி, வடகிழக்குப் பருவ மழையில் விட்டுவிட்டால், தைப்பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கலாம். மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, நடு நரம்பை நீக்கி உண்பது வழக்கம். மண்மேடு இறுகியிருந்தால் கிழங்கு கோணலாகி ஒடியும். இதில் கெட்டுப்போக வேறொன்றும் இல்லை.

மரமாகவே வளர்க்க விரும்பினால் இந்த முளைப்பு விதமே எச்சரிக்கையாகிறது. வேர்க்குழல் ஆழம் தேடி இறங்கிவிடுவதால் பையில் வளர்த்த பனங்கன்று இடம் மாற்றும்போது பெரும்பாலும் பட்டுப்போகிறது. நிற்க வேண்டிய இடத்திலேயே ஓர் அடிக் குழியில் கொட்டையை ஊன்றுவதே முறை. முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பிறகு அது தன் வேரைத் தானே பார்த்துக்கொள்ளும். பனை வைத்தால் நிலத்தடி நீர் பொங்கும் என்பது போன்ற மிகையான பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. கரை மண்ணை அதன் வேர்க்கற்றை இறுக்கிப் பிடிக்கும் என்பதும், பாய்ச்சல் நீர் கேட்காத மரம் என்பதும் உறுதி. அதுவே போதிய சிறப்பு. முற்றிய பனையில் கழிக்காமல் விட்ட காவோலைகளுக்கு இடையே பனை உழவாரன் குருவி கூடு கட்டும். ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவி தொங்கும். கூடவே வௌவாலும் மரநாயும் வரும். இந்த விருந்தாளிகளை விரும்பாதவர் வீட்டிலிருந்து தள்ளி, மனையின் கடைக்கோடியில் ஊன்றுவது நல்லது.

ஆணா பெண்ணா என்ற பழைய சிக்கலுக்கு, பூக்கும் முன் அடையாளம் காணும் நம்பத் தக்க வழி தோட்டக்காரரின் கையில் இல்லை. எண்ணிக்கையைக் கூட்டுவதே உள்ள வழி. இரு பாலும் ஏறக்குறையச் சமமாகப் பிறப்பதால், ஒரு கொட்டை ஊன்றியவருக்குப் பெண் பனை கிடைக்கப் பாதி வாய்ப்பே உண்டு. நான்கு ஊன்றினால் நான்கும் ஆணாகிவிடும் வாய்ப்பு பதினாறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். மகரந்தம் தரவும் ஓர் ஆண் பனை சுற்றுப்புறத்தில் வேண்டும் என்பதால் கலப்பாக நிற்பதே நன்மை. நெருக்கமாக ஊன்றிவிட்டுப் பூத்தபின் வேண்டாததை வெட்டிக்கொள்ளலாம் என்று திட்டமிடுவதுதான் தவறாக முடியும். 2021 ஆகஸ்டில் தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, 30 மாவட்டங்களில் 76 இலட்சம் பனங்கொட்டைகளையும் ஒரு இலட்சம் கன்றுகளையும் வழங்குவதாக அறிவித்ததோடு, பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும் கூறியது. ஆகவே ஒன்றுக்கொன்று குறைந்தது 10 அடி இடைவெளியில், நான்கும் நூறு ஆண்டு நிற்கப்போகின்றன என்று வைத்துக்கொண்டே, மின்கம்பி செல்லாத எல்லையோரமாகப் பார்த்துக் கொட்டையை ஊன்ற வேண்டும்.